எங்கள் வீட்டு டாம் ‘ஐயோ’ என்றுதான் கத்துவான்

போன வாரம் மகனுக்குச் சளி, இருமல், லேசான காய்ச்சல். பள்ளிக்கு அனுப்பவில்லை. எனக்கும் அன்றைக்கு வீட்டிலிருந்து வேலை என்பதால், அவனைப் பார்த்துக்கொள்ள அம்மாவை வரச் சொல்லியிருந்தேன். நான் அறைக்குள் மடிக்கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மூன்று மணி இருக்கும், ஹாலிலிருந்து ஓர் அலறல். வால் எதிலோ மாட்டிக்கொண்ட பூனையின் அலறல், தொலைக்காட்சியில் ஓடிய டாம் அண்ட் ஜெர்ரி கார்ட்டூனில்தான். நான் உடனே என்ன செய்தேன் தெரியுமா, திரும்பிப் படுக்கையறைக் கதவைப் பார்த்தேன். அங்கே யாரும் தூங்கவில்லை. அது என் வீடு, அந்த அறையில் பகலில் யாருமே தூங்குவதில்லை. ஆனாலும் ‘அப்பா எழுந்துடுவாங்க’ என்று வயிற்றுக்குள் ஒரு பதற்றம் வந்து போனது.

எண்பதுகளில் நாங்கள் சிங்கப்பூரின் அங் மோ கியோவில் மூவறை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, பெரும்பாலும் இரவு வேலை. காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் நாலு, நாலரை வரைக்கும் தூங்குவார். படுக்கையறைக் கதவு ஹாலைப் பார்த்தபடி இருக்கும், புழுக்கத்துக்கு அதைச் சாத்தவும் முடியாது. நானும் தம்பியும் காலைப் பள்ளி. மத்தியானம் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டு, வீட்டுப்பாடத்தை ஒப்பேற்றிவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தால் அம்மாவின் ஒரே சட்டம், சத்தம் கூடாது. குறைவாகக்கூடக் கூடாது, சுத்தமாகவே கூடாது. அந்தப் பெட்டியில் சத்தத்துக்கு ஒரு திருகு உண்டு, அதைக் கடைசி வரைக்கும் இடப்பக்கம் திருக வேண்டும். இன்னும் ஒரு நூல் திருகினால் ‘டக்’கென்று பெட்டியே அணைந்துவிடும். அந்த ஒரு நூல் இடைவெளியை விரல் நுனியால் கண்டுபிடிப்பதில் தம்பி கெட்டிக்காரன். அப்போது அவனுக்கு ஆறு வயது.

அம்மா மட்டும் சின்ன வயதில் தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் போடும் கார்ட்டூன்களைச் சத்தத்தோடு பார்த்தவர். அதனால்தான் அவருக்கு அவ்வளவு பயம். “அந்தப் பூனை ஒரு தடவ கத்துனா அப்பா மட்டுமில்ல, புளோக்கே எழுந்துக்கும்” என்பார்.

ஆகவே டாம் அண்ட் ஜெர்ரியை நாங்கள் இரண்டு மூன்று வருடம் ஊமைப் படமாகத்தான் பார்த்தோம். ஊமைப் படம் என்று சொன்னாலும் முழுக்க ஊமை இல்லை, ஏனென்றால் தம்பி சத்தம் கொடுப்பான். என் காதோரமாக, கிசுகிசுப்பாக, படம் ஓட ஓடக் கொடுப்பான். டாம் பதுங்கி வந்தால் ‘திங் திங் திங்’, ஓடினால் ‘விர்ர்ர்’, சுவரில் மோதினால் ‘தடால்’, தட்டுகள் அடுக்கோடு சரிந்தால் ‘சளசளசள சிலீர்’, இரும்புச் சட்டி முகத்தில் விழுந்தால் ‘ணங்ங்ங்’ என்று அந்த ங்-ஐ மூச்சு முட்டுகிற வரைக்கும் இழுப்பான். அவன் பள்ளியில் தமிழுக்கு வாங்கிய மதிப்பெண் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை, ஆனால் கீழே விழுவதற்கு மட்டும் தொப், பொத், தடால், டமால், மடார் என்று கனத்துக்குத் தகுந்த மாதிரி தனித்தனியாக வைத்திருந்தான். எலி விழுந்தால் ‘பொத்’. நாய் விழுந்தால் ‘தொம்’. ஒரு தடவை நாய்க்கு ‘பொத்’ என்று நான் சொல்லிவிட்டேன், அக்கா என்றுகூடப் பார்க்காமல் முறைத்தான்.

டாம் வாயைப் பிளந்து கத்தும்போதெல்லாம் தம்பியின் டாம் கத்துவது ‘ஐயய்யோ!’ என்று. அதுவும் எங்கள் பெரியம்மா குரலில்.

இப்படிச் சத்தமில்லாமல் பார்த்ததில் எங்களுக்கு ஒரு தரவரிசை உண்டாகியிருந்தது. டாம் அண்ட் ஜெர்ரி முதலிடம். சத்தமே இல்லாவிட்டாலும் என்ன நடக்கிறது, யார் யாரை ஏமாற்றுகிறார்கள், அடுத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாமே புரியும். அடுத்தது அந்தப் பாலைவனத்து ஓநாய், ரோட் ரன்னர் பறவையைத் துரத்துகிறதே, அது. பேசுவதற்குப் பதிலாக அது அட்டையில் எழுதிக் காட்டும், எங்களுக்கு அது போதும். மலை விளிம்பைத் தாண்டி ஓடி, காற்றில் நின்று, கீழே பார்த்து, அப்புறம் நம்மைப் பார்த்துவிட்டு விழும். அந்த ‘அப்புறம் நம்மைப் பார்ப்பது’ இருக்கிறதே, அதற்கு எந்தச் சத்தமும் வேண்டாம். கடைசி இடம் பக்ஸ் பனிக்கு. எனக்கு அந்த முயலைக் கண்டாலே எரிச்சலாக இருக்கும். மரத்தில் சாய்ந்துகொண்டு கேரட்டைக் கடித்தபடி வாயை மட்டும் அசைத்துக்கொண்டே இருக்கும். என்ன பேசுகிறது என்று தெரியாது, தம்பியாலும் அதற்குச் சத்தம் கொடுக்க முடியவில்லை. உலகமே கொண்டாடும் ஒரு முயலை ஒரு வாயாடி, சோம்பேறி என்று நான் நெடுங்காலம் நினைத்திருந்ததற்குக் காரணம் அப்பாவின் தூக்கம்தான். 1940-ல் வந்த ‘எ வைல்ட் ஹேர்’ படத்திலேயே அதன் பிழைப்பு முழுக்கப் பேச்சில்தான் இருக்கிறது. குரல் கொடுத்த மெல் பிளாங்க் நிஜக் கேரட்டைக் கடித்து ஒலிப்பதிவு செய்து, வசனம் பேசுவதற்கு முன்னால் அதைத் துப்பிவிடுவாராம். வேறு எதைக் கடித்தாலும் அந்தச் சத்தம் வரவில்லையாம். அவ்வளவு மெனக்கெட்டதை நாங்கள் ஒரு திருகில் வீணாக்கியிருக்கிறோம்.

சத்தத்தோடு முதல் தடவை கேட்டது மக்சிக் வீட்டில். எங்கள் தளத்திலேயே மூன்று வீடு தள்ளி இருந்த மலாய்க்காரப் பாட்டி, எல்லாப் பிள்ளைகளுக்கும் மக்சிக். அம்மா எதையோ கொடுத்துவிட்டு வரச் சொல்லி எங்கள் இருவரையும் அனுப்பியிருந்தார். கதவு திறந்திருந்தது. அடுப்படியில் பீசாங் கோரேங், அதாவது வாழைப்பழப் பொரியல், பொரிகிற வாசனை, உள்ளே வரச்சொல்லிக் கையாட்டினார். ஹாலில் தொலைக்காட்சி, அதில் டாம், முழுச் சத்தத்தில்.

நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். டாம் பின்னங்காலை எடுத்து வைக்கிறான், அந்தக் காலுக்கு ஒரு வயலின் தந்தி சுண்டப்படுகிறது. அடுத்த காலுக்கு அடுத்த சுண்டல். தலையைத் திருப்பினால் ஒரு குழல் திரும்புகிறது. எலி படியில் இறங்கினால் சுரமும் படிப்படியாக இறங்குகிறது. ஓர் ஆர்க்கெஸ்ட்ராவே அந்தப் பூனையின் கால்களில் கட்டிவிடப்பட்டிருக்கிறது! அத்தனை நாளும் நாங்கள் பார்த்தது பாதிப் படம் என்று அந்த நிமிடம் புரிந்தது. அதே நிமிடத்தில் டாம் கத்தினான். ‘ஐயய்யோ’ என்று இல்லை. ஒரு மனிதன், நடுத்தர வயது ஆண், தொண்டை கிழிய ‘ஆஆஆ’ என்று கத்துகிறான், கத்தல் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. நான் சிரித்தேன். தம்பி சிரிக்கவில்லை. வாழைப்பழப் பொரியலைக் கையில் வைத்துக்கொண்டு, முகம் தொங்கிப்போய், வீடு திரும்பும் வழியில் சொன்னான்: “அது டாம் இல்லக்கா. வேற யாரோ.”

ஒரு விதத்தில் அவன் சொன்னது சரிதான். அந்த அலறல் வில்லியம் ஹன்னாவுடையது. ஜோசப் பார்பெராவோடு சேர்ந்து எம்ஜிஎம் நிறுவனத்தில் அந்தப் படங்களை இயக்கியவர். 1940 பிப்ரவரியில் முதல் படம் வந்தபோது பூனைக்கு ஜாஸ்பர் என்று பெயர், எலிக்குப் படத்தில் பெயரே கிடையாது. ஸ்டுடியோவுக்குள் ஒரு பெயர்ப் போட்டி வைத்து, ஜான் கார் என்ற அனிமேட்டர் எழுதிப்போட்ட பெயரை எடுத்தார்கள். அவருக்குப் பரிசு 50 டாலர். 1958 வரைக்கும் ஹன்னாவும் பார்பெராவும் இயக்கி வெளிவந்தவை மொத்தம் 114. ஏழு ஆஸ்கர். ஏழையும் வாங்கிக்கொண்டது தயாரிப்பாளராகப் பெயர் போட்டுக்கொண்ட ஃபிரெட் குவிம்பி, ஹன்னாவையும் பார்பெராவையும் மேடைக்குக் கூப்பிடவே இல்லை. எந்த அலுவலகத்தில்தான் இது நடக்கவில்லை, சரி விடுங்கள்.

எனக்கு வேண்டியவர் அவர்கள் யாரும் இல்லை, ஸ்காட் பிராட்லி. அந்த 114-ல் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் இசை அவர்தான். இதைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்ததே மகன் மிருதங்கம் கற்றுக்கொள்ளப் போனபிறகுதான். வகுப்புக்கு வெளியே நாற்காலியில் ஒரு மணிநேரம் காத்திருக்க வேண்டும், உள்ளே தாளம் போடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், கையில் போன். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள், ஓடும். ஒரு தட்டுக்கு 12 ஃபிரேம் என்று வைத்தால் நொடிக்கு இரண்டு தட்டு, நிமிடத்துக்கு 120. டாம் நடக்கிற நடையைப் பன்னிரண்டு ஃபிரேமுக்கு ஓர் அடி என்று வரைந்துவிட்டால் இசையமைப்பாளருக்கு நடை தெரிந்துவிடும். எட்டு ஃபிரேம் என்றால் நடை வேகமாகும், ஆறு என்றால் ஓட்டம். பார்பெரா கதையையும் சேட்டைகளையும் வரைவார், ஹன்னா ஒவ்வோர் அசைவும் எத்தனை ஃபிரேம் என்று தாளில் குறித்துவைப்பார். ஹன்னாவுக்கு இசை தெரியும், அதனால் அந்தத் தாள் பாதி ஸ்வரக்குறிப்பு மாதிரி இருக்கும். பூனை எப்போது கண் சிமிட்டும், எப்போது மூச்சு இழுக்கும், சட்டி முகத்தில் விழுந்தபின் எத்தனை ஃபிரேம் சும்மா நிற்கும் என்று எல்லாம் கணக்கு. ஏழு நிமிடப் படம் என்றால் பத்தாயிரம் ஃபிரேம். அத்தனைக்கும் இசை எழுதுவது என்பது, மிருதங்கக்காரர் நாட்டியக்காரியின் காலை மட்டும் பார்க்காமல் கண் இமை, காது, வால் எல்லாவற்றுக்கும் வாசிக்கிற மாதிரி.

மிக்கி மவுஸ் 1928-ல் விசில் அடித்துக்கொண்டு படகு ஓட்டிய காலத்திலேயே அசைவும் இசையும் ஒட்டிக்கொண்டு போகிற இந்த வித்தை வந்துவிட்டது, அதற்குப் பெயரே மிக்கி மவுசிங்தான். பக்ஸ் பனியை எடுத்த வார்னர் ஸ்டுடியோவில் இசையமைப்பாளர் கார்ல் ஸ்டாலிங்கும் பெரிய ஆள். ஆனால் அவர் நிறுவனத்தின் கையிலிருந்த பழைய பாடல்களை நிறைய எடுத்து நுழைப்பார், காட்சிக்குப் பொருத்தமாக ஒரு பாட்டு வரி ஞாபகம் வந்தால் அதைச் செருகிவிடுவார். நம் ஊர் மேடை நாடகத்தில் ஆர்மோனியக்காரர் செய்கிற குறும்பு மாதிரி. பிராட்லி அதைவிடப் பிடிவாதக்காரர். 1944-ல் ஒரு படத்தில் ஜெர்ரி நாய்த்தலை ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டு ஓடும் இடத்துக்கு ஐரோப்பிய இசையமைப்பாளர் ஷோன்பெர்கின் பன்னிரண்டு சுர முறையில் இசை எழுதியிருக்கிறார். கச்சேரி அரங்கில் வைத்தால் பாதிப்பேர் எழுந்துபோய்விடுவார்கள் என்கிற வகை இசை, எலிக்குப் போட்டதும் குழந்தைகள் சிரிக்கிறார்கள்.

‘தி கேட் கான்செர்ட்டோ’ பற்றிச் சொல்லாமல் விட்டால் தம்பி கோபித்துக்கொள்வான். டாம் கோட்டு சூட்டோடு மேடைக்கு வந்து பியானோவில் இசையமைப்பாளர் லிஸ்ட்டின் ஹங்கேரியன் ராப்சடி இரண்டாவதை வாசிக்கிறான், உள்ளே தந்திகளுக்கு நடுவில் தூங்கிக்கொண்டிருந்த ஜெர்ரி சுத்தியல் பட்டு எழுந்துவிடுகிறான். அதுதான் கதை. இசைக் கச்சேரியைப் பற்றிய ஒரு படத்தை நாங்கள் சத்தமில்லாமல் பார்த்திருக்கிறோம்! அதுவும் பலமுறை. ஆனால் சொன்னால் நம்பமாட்டீர்கள், நன்றாகத்தான் இருந்தது. டாம் கடைசி வரைக்கும் வாசிப்பை நிறுத்துவதே இல்லை. எலியை அடிக்கிற கை அடிக்கும்போதே வாசிக்கிறது, கை போதாவிட்டால் காலால் வாசிக்கிறான். ஜெர்ரி ஒரு கட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எலிப்பொறியை வைக்கிறான், டாமின் விரல் அதைச் சுற்றிச் சுற்றிப் போய், தப்பித்துத் தப்பித்து, கடைசியில் மாட்டுகிறது. அந்த விரல் மாட்டுவதற்கு முன்னால் வருகிற காத்திருப்பு தம்பியின் கிசுகிசுப்பிலும் அப்படியே வந்தது. ராப்சடிக்கு அவன் போட்ட மெட்டு அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு சோப்பு விளம்பரப் பாட்டு.

அதே சமயத்தில் வார்னரில் ஃபிரிஸ் ஃபிரெலெங்கும் அதே லிஸ்ட் இசைக்குப் பக்ஸ் பனியைப் பியானோ முன்னால் உட்காரவைத்து ஒரு படம் எடுத்திருந்தார். அதிலும் ஓர் எலி. யார் யாரைப் பார்த்துச் செய்தார்கள் என்று இரண்டு ஸ்டுடியோவும் ஒன்றையொன்று குற்றம்சாட்டிக்கொண்டன, ஆஸ்கர் டாமுக்குப் போனது. இரண்டையும் இப்போது அடுத்தடுத்து, சத்தத்தோடு பார்த்துவிட்டேன். என் ஓட்டு டாமுக்குத்தான். பக்ஸ் பியானோவை வைத்து வித்தை காட்டுகிறது, டாமுக்கு வாசித்து முடிக்க வேண்டும் என்கிற வெறி இருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் சத்தம் இல்லாததால் எங்களுக்கு மாறிப்போயிருந்தது. அந்த வீட்டு அம்மா, முகமே தெரியாமல் இடுப்புக்குக் கீழே மட்டும் வருவாரே, பருத்த கறுத்த கால்கள், செருப்பு, கையில் துடைப்பம். நாங்கள் அவரை நம் ஆள் என்றே நினைத்திருந்தோம். பாட்டி வீட்டுச் செருப்பும் அதே மாதிரிதான் தேய்ந்திருக்கும். அமெரிக்காவில் கறுப்பினப் பணிப்பெண்களைக் கேலியாகக் காட்டுகிற வார்ப்பில் செய்த பாத்திரம் அது, அவர் பேசுகிற பேச்சும் அந்தக் கேலியோடுதான் எழுதப்பட்டது என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. குரல் கொடுத்தவர் லிலியன் ராண்டால்ஃப் என்ற நடிகை. எதிர்ப்பு வந்து, 1952-க்குப் பிறகு அந்தப் பாத்திரம் இல்லை. தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் குரலையும் காலையும்கூட மாற்றியிருக்கிறார்கள். தெரிந்தபின் அந்தக் காட்சிகளில் முன்போல் சிரிப்பு வருவதில்லை. பாட்டி ஞாபகமும் போவதில்லை, அதுதான் சிக்கல்.

இதெல்லாம் எப்படி நின்றுபோனது என்றால், காரணம் காசுதான். பெரிய படம் வேண்டுமென்றால் இந்தக் குட்டிப் படங்களையும் சேர்த்து வாங்கு என்று அமெரிக்க ஸ்டுடியோக்கள் தியேட்டர்களைக் கட்டாயப்படுத்தி வந்தன, 1948-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு முடிவு கட்டியது. அப்புறம் தொலைக்காட்சி. பழைய கார்ட்டூன்களையே திரும்ப வெளியிட்டாலும் வசூல் கிட்டத்தட்ட அதே அளவு வருகிறது என்று கண்டுபிடித்த எம்ஜிஎம், 1957-ல் அந்தப் பிரிவையே மூடிவிட்டது. பின்னால் வேறு இயக்குநர்களைக் கொண்டு மறுபடி எடுத்தார்கள். பிராக் நகரத்தில் ஜீன் டீச் எடுத்த பதின்மூன்றையும் ஊமையாகப் பார்த்தபோதே தம்பி கண்டுபிடித்துவிட்டான், இது நம் டாம் இல்லை, சத்தம் கொடுக்க வரவில்லை என்று. இப்போது சத்தத்தோடு பார்த்தால் ஏதோ தண்ணீர்த் தொட்டிக்குள் நடப்பது மாதிரி எதிரொலி. சக் ஜோன்ஸ் எடுத்த 34-ல் டாமுக்குப் புருவம் பெரிதாகிவிட்டது, அழகாகத்தான் இருக்கும், ஆனால் அடி வலிக்காது.

அன்றைக்கு மகனிடம் ஒரு பரிசோதனை செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. வேலையை ஓரம்கட்டிவிட்டு ஹாலுக்குப் போய், “சத்தமில்லாம பாரேன், நானும் மாமாவும் அப்படித்தான் பார்த்தோம்” என்று சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். சொல்ல வேண்டியிருக்கவில்லை. அம்மா ஏற்கெனவே ரிமோட்டைக் கையில் எடுத்திருந்தார். திரையின் கீழே எண் 18, 15, 11 என்று இறங்கிக்கொண்டே வந்து 3-ல் நின்றது. வயலின் காணாமல் போய், டாம் ஓசையில்லாமல் நடந்தான்.

“பாட்டி! தாத்தா வீட்டிலேயே இல்லையே, கீழ கோப்பிக் கடையில இருக்காங்க!”

“தெரியும்டா” என்றார் அம்மா. ரிமோட்டை மட்டும் கொடுக்கவில்லை.